ரயிலில் சொன்னது ரயிலோடு

இங்கிலீஷ் பேச வரவேண்டுமென்றால் தினமும் பேசிப் பழக ஒரு ஆளைப் பிடி என்றார்கள். கம்ப்யூட்டர் வகுப்பு சார் சொன்னார், எதிர் பிளாக் அண்ணன் சொன்னார், கல்யாண வீட்டில் பார்த்த முன்பின் தெரியாதவர்கூடச் சொன்னார். எப்படிப்பட்ட ஆளைப் பிடிக்க வேண்டும் என்று மட்டும் ஒரு பாவியும் சொல்லவில்லை. நான் என் உயிர்த்தோழியைப் பிடித்தேன். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

புனேவுக்குச் சற்றுத் தள்ளி தேஹு ரோடு என்கிற ஊரில், ராணுவத் தளவாடக் கிடங்கின் க்வாட்டர்ஸில் எங்கள் இரண்டு குடும்பமும் இருந்தது. இரண்டு அப்பாக்களும் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவள் அப்பா கிடங்கு ஆபீஸில் மேஜை போட்டு உட்கார்ந்தவர், என் அப்பா அங்கே பெட்டி தூக்கியவர். அவள் கான்வென்டில் படித்தாள். நான் தமிழ் மீடியத்தில் தொடங்கி இந்தி மீடியத்தில் முடித்தேன். அதையெல்லாம் நாங்கள் பெரிதாக நினைத்ததில்லை. ஒரே டப்பாவில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

பி.காம். முடித்ததும் இருவரும் சிவாஜிநகரில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தோம். மகர்பட்டாவில் கால் சென்டர்கள் வரத் தொடங்கியிருந்த காலம். வாய் இருந்தால் போதும், வேலை நிச்சயம் என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கு வாய்க்கு என்ன குறை? தமிழில் பேசினால் தெருவே திரும்பிப் பார்க்கும். இந்தியில் ஆட்டோக்காரனை அழ வைப்பேன். இங்கிலீஷ் என்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வழி கண்டுபிடித்தவள் அவள்தான். காலை லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறுவோம். ஆகுர்டி ஸ்டேஷன் வரை எந்த மொழியிலும் பேசலாம். ஆகுர்டி தாண்டினால் சிவாஜிநகரில் இறங்கும் வரை இங்கிலீஷ்தான். வாய் தவறித் தமிழ் வந்துவிட்டால், வந்தவள் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுக்க வேண்டும். காய்ச்சல், தலைவலி, வீட்டில் சண்டை, எந்தச் சாக்கும் செல்லாது. தினமும் பேசியே ஆக வேண்டும்.

முதல் மாதம் நான் ஜன்னலையே பார்க்கவில்லை. "அய்யோ" என்றால்கூடத் தமிழ் என்று எழுப்பிவிடுவாள் ராட்சசி. மேத்தி என்கிற வெந்தயக்கீரை மூட்டையோடு வரும் மராத்திக்கார அம்மா ஒருத்தி எங்களைப் பார்த்ததும், "ஆல்யா மடமா!" என்று கத்துவாள். வெள்ளைக்காரத் துரைசானிகள் வந்துவிட்டார்கள் என்று கேலி. பெட்டியே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே, உடைந்த இங்கிலீஷில் நேற்று என்ன சமைத்தோம், யார் வீட்டில் சண்டை என்று சொல்லிக்கொண்டு போவேன். அவள் இடையிடையே திருத்துவாள். கோபப்படாமல் திருத்துவாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சமையலும் சண்டையும் எத்தனை நாளைக்குப் பேசுவது? பிறகு உள்ளே கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. அந்தப் பெட்டியில் எங்கள் க்வாட்டர்ஸ் பெண்கள் பலர் வருவார்கள். தமிழில் ஒரு விஷயம் சொன்னால் மத்தியானத்துக்குள் அது எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். இங்கிலீஷில் சொன்னால் அவளுக்கு மட்டும்தான் புரியும். அதோடு, இங்கிலீஷில் சொல்லும்போது எனக்கே அது வேறு யாருடைய கதையோ போலத் தோன்றும். தமிழில் வாய்க்கு வராத சமாச்சாரம் இங்கிலீஷில் சுலபமாக வந்துவிடும்.

"ரயில்ல சொன்னது ரயிலோட. ஓகே?" என்று அவள்தான் கையை நீட்டினாள். நான் அடித்துச் சத்தியம் செய்தேன். அப்படித்தான் ஒரு நாள் நான் ஊமையாக இருந்த கதையைச் சொன்னேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மா ஒரு ஆபீசர் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தாள். கோடை விடுமுறை. என்னைத் தனியாக வீட்டில் விட்டால் தண்டவாளத்தில் போய் விளையாடுவேன். கூட்டிப்போகலாம் என்றால் அந்த மேம்ஸாபுக்கு வேலைக்காரிகளின் பிள்ளைகளே ஆகாது. முன்பிருந்தவளின் மகள் பங்களாவில் நடப்பதையெல்லாம் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாளாம். முதல் நாள் வாசலில் என்னைப் பார்த்ததும் மேம்ஸாபின் முகம் சுருங்கியது. அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கூங்கி ஹை, மேம்ஸாப்" என்றாள். இவள் ஊமை என்று அர்த்தம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேம்ஸாப் "ச்ச்சோ" என்று சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் உள்ளே விட்டாள்.

அந்த விடுமுறை முழுக்க நான் அந்த வீட்டில் ஊமை. க்வாட்டர்ஸ் முழுக்கக் கேட்கக் கத்துகிறவள் நான், பின்கட்டுப் படியில் பட்டாணி உரித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். மேம்ஸாப் என்னிடம் கையை ஆட்டி ஆட்டி, உரக்கப் பேசுவாள், ஊமை என்றால் செவிடும் என்று நினைத்து. பிஸ்கட் கொடுத்துத் தலையைத் தடவுவாள். பிறகு போனை எடுத்துத் தன் அக்காவிடம் மணிக்கணக்காக இங்கிலீஷில் புருஷனைத் திட்டித் தீர்ப்பாள். ஊமைப் பெண் எதிரில் என்ன பேசினால் என்ன? எனக்கு இங்கிலீஷ் காதில் ஏறியது அங்கேதான். வாய்க்கு வராமல் போனதும் அங்கேதான் என்று எனக்குச் சந்தேகம்.

ஒரு நாள் அம்மா பால் பாத்திரத்தை இறக்கும்போது கைப்பிடித் துணி நழுவி, கொதிக்கிற பால் என் வலது பாதத்தில் கொட்டியது. மேம்ஸாப் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கத்திவிடாதே என்று கெஞ்சுகிற பார்வை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன், ரத்தம் வரும்வரை. சாயங்காலம் வேலை முடிந்து பங்களா கேட்டைத் தாண்டி, புளியமரத் திருப்பத்துக்கு வந்ததும் அம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "இப்ப அழுடி" என்றாள்.

இவ்வளவுதான் கதை. "வெளிய யாருகிட்டயும் சொல்லாத, எனக்கு மானக்கேடு" என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நானும் சொன்னதில்லை, அந்த ரயிலில் சொல்லும்வரை.

நான் சொல்லி முடிக்கவும் தாபோடி வந்தது. அவள், இன்டர்வியூவில் முதல் கேள்வியே உன்னைப் பற்றிச் சொல் என்பதுதான், இதைச் சொல், அசந்துபோவார்கள் என்றாள், இங்கிலீஷில்தான். அதுவரை எங்கள் வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தது ஒரே பாட்டைத்தான். என் பெயர் இது, அப்பா பெயர் இது, பொழுதுபோக்கு பாட்டு கேட்பது, பலம் கடின உழைப்பு. அவளுடையதும் அதே பாட்டு. கான்வென்ட் இங்கிலீஷில் வழவழவென்று இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. நான் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வேன். அவளும் சிரிப்பாள்.

அன்றிலிருந்து தினமும் அந்தக் கதைதான். ஆகுர்டி தாண்டியதும் நான் ஆரம்பிப்பேன். அவள் ஒரு வாக்கியத்தைப் பிடித்து நிறுத்தி, "நோ, நோ, அகெய்ன்" என்பாள். பாலை எங்கே கொண்டுவருவது, அம்மாவின் பார்வையை எவ்வளவு மெதுவாகச் சொல்வது, எங்கே மூச்சு விடுவது, எல்லாம் அவள் சொல்லித்தந்தது. சில நாள் அவளே சொல்லிக் காட்டுவாள். அவள் வாயில் என் கதை எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நான், முட்டாள், வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மகர்பட்டாவில் ஒரு கம்பெனியில் நேர்முகம் என்று வகுப்பிலேயே சொன்னார்கள். இரண்டு பேரும் போனோம். மூடிய கறுப்பு ஷூ வேண்டும் என்பதால் அவள் அக்காவின் ஷூவை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். சோபாவில் காத்திருந்தோம். முதலில் என் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். நான் எழுந்தபோது அவள் என் கையைப் பிடித்தாள். "இன்னும் உக்காந்திருந்தா எனக்கு எல்லாம் மறந்துடும்டி. நான் மொதல்ல போயிட்டு வந்துடறேனே, ப்ளீஸ்" என்றாள். போ என்றேன். வரவேற்பில் இருந்தவளிடம் நானே போய்ச் சொல்லி மாற்றினேன்.

வெளியே வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. நேராகப் போய்த் தண்ணீர் குடித்தாள். "எப்படிடி இருந்துச்சு? இன்னா கேட்டாங்க?" என்றேன். "நார்மல்தான். நீ போ" என்றாள். அந்த இடத்தில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேறு ஏதாவது சொல்லுடி என்று காதில் ஓதியிருந்தால் நான் அந்தக் கடின உழைப்புப் பாட்டையாவது பாடிவிட்டு வந்திருப்பேன். சொல்லவில்லை. திருடினதைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேனோ என்னவோ, அந்தத் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றதை மன்னிக்கமாட்டேன்.

உள்ளே ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். உன்னைப் பற்றிச் சொல் என்றார்கள். நான் ரயிலில் சொல்கிற மாதிரியே ஆரம்பித்தேன். ஒரு கோடை முழுக்க நான் ஊமையாக இருந்தேன் என்ற முதல் வாக்கியத்திலேயே அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். அந்த ஆள் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, அலுத்துப்போன சிரிப்பு. உங்கள் வகுப்பில் எல்லோருக்கும் இதே கதையைத்தான் எழுதிக் கொடுக்கிறார்களா, பால், பங்களா, அம்மா எல்லாம் இப்போதுதான் கேட்டோம், உன் சொந்தக் கதை ஒன்று சொல்லேன் என்றார்.

என் சொந்தக் கதையா? இந்தா என்று ஷூவைக் கழற்றிக் காலைக் காட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். தழும்பு அப்படியே இருக்கிறது, பாதத்தின் மேல் தோல் சுருங்கி. குனியக்கூடச் செய்தேன். அந்த ஷூ அவள் அக்காவுடையது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. புண்ணைக் காட்டிப் பிச்சை எடுக்கிற மாதிரி இருக்குமே என்று வெட்கமாகவும் இருந்தது. நிமிர்ந்தேன். இங்கிலீஷ் வரவில்லை. இந்தி வரவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அந்தப் பெண் இரக்கப்பட்டு, தண்ணீர் டம்ளரைக் கையால் சுட்டிக் காட்டி, குடி என்று ஜாடை செய்தாள். மேம்ஸாப் செய்த அதே ஜாடை.

அவளுக்கு வேலை கிடைத்தது. எனக்கு இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்கால லோக்கலில் அவள் ஜன்னலோரத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள். லஞ்சம் கொடுக்கிறாளாம். உட்கார்ந்தேன். ரயில் கிளம்பியதும் மெதுவாக இங்கிலீஷில் ஆரம்பித்தாள். பயந்துவிட்டாளாம், ஒன்றும் ஞாபகம் வரவில்லையாம், வாயைத் திறந்தால் அதுதான் வந்ததாம். பெட்டியில் எங்கள் க்வாட்டர்ஸ் பெண்கள் இருந்தார்கள் இல்லையா, அதனால் இங்கிலீஷ்.

"தமிழ்ல சொல்லுடி" என்றேன்.

"மெதுவா பேசு, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

"பாக்கட்டும்" என்றேன். ஆனால் அவள் காதோடு வாயை வைத்து, "எங்கம்மா என்னை ஊமைன்னு சொன்னது உனக்கு வேலை வாங்கித் தரவாடி? என் கால்ல கொட்டின பால் உனக்கு எங்கடி சுட்டுது?" என்று சீறினேன்.

அவள் முகம் சிவந்தது. அவளுக்கும் கோபம் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. "உனக்கு ஒரு சென்டென்ஸ் ஒழுங்கா வந்துச்சா? கதை உன்னுது, இல்லேன்னு சொல்லல. இங்கிலீஷ் என்னுது. ஒவ்வொரு வார்த்தையும் நான் போட்டது" என்றாள்.

நான் எழுந்தேன். "தமிழ்ல பேசிட்டேன். ஜன்னல் உனக்குத்தான், உக்காரு" என்று சொல்லிவிட்டுக் கதவோரம் போய் நின்றேன். தேஹு ரோடு வரை அவள் ஜன்னலுக்கு நகரவில்லை. ஷூவை மறுநாள் அவள் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். அதோடு சரி.

பிறகு சிஞ்ச்வட்டில் ஒரு பட்டறையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. இங்கிலீஷும் பேசினேன், சரக்கு வந்ததா, லாரி போனதா என்று. தவறாக வந்தாலும் கவலைப்படாமல் தினமும் பேசியதில் நன்றாகவே வந்துவிட்டது. என்னைப் பற்றி மட்டும் யாரிடமும் எந்த மொழியிலும் சொன்னதில்லை. ஏன் அவளோடு பேச்சில்லை என்று அம்மா பலமுறை கேட்டாள். சும்மாதான் என்றேன். ரயிலில் சொன்னது ரயிலோடு என்ற சத்தியத்தை நான் காப்பாற்றினேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

சில வருடம் கழித்து, அப்பா ஓய்வு பெற்று நாங்கள் பஜார் பக்கம் வீடு மாறியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். மகர்பட்டாவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நானும் அம்மாவும் கூடத்தில் மேத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

"ஆன்ட்டி, எங்க ட்ரெயினிங் மேடம் க்யா போல்த்தி ஹே, என்னா சூப்பரா பேசறாங்க தெரியுமா? நம்ம தேஹு ரோடுதானாம், தமிழ்தானாம். ஃபர்ஸ்ட் டேயே அவங்க லைஃப் ஸ்டோரி சொன்னாங்க. க்ளாஸே ரோனே லகா, எல்லாரும் அழுதுட்டாங்க."

எனக்குக் கை நின்றுவிட்டது. வேண்டாம், நிறுத்து என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பாதித் தமிழ், பாதி இந்தி. சின்ன வயதில் மேடத்தின் அம்மா பங்களாவில் வேலை செய்தார்களாம். மகளை ஊமை என்று சொன்னார்களாம். பால் கொட்டியதாம். நான் கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

"அப்றம் கேட் வெளிய வந்து, அவங்க அம்மா மேடத்தை கட்டிப் புடிச்சி ஒரே அழுகையாம், ஆன்ட்டி. பாவம்ல? ஆனா எந்த அம்மாவாவது அப்படி சொல்லுவாங்களா, ஊமைன்னு? எனக்கு அந்த அம்மா மேல செம்ம கோவம் வந்துச்சு."

அம்மா ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். "அழுதாங்களாமா அந்தம்மா?" என்றாள்.

"ஹான் ஆன்ட்டி. ரொம்ப நேரம் அழுதாங்களாம்."

"உங்க மேடம் கால்ல தழும்பு கீதா?"

"தெரியல ஆன்ட்டி, எப்பவும் ஷூ போட்டிருப்பாங்க" என்று சிரித்துவிட்டு, கொண்டுவந்த கிண்ணத்தில் சர்க்கரை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் போனாள்.

நான் அம்மாவிடம் என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன். அந்த ரயிலை, அந்தச் சோபாவை, கையால் காட்டிய தண்ணீர் டம்ளரை, எதை முதலில் சொல்வது? அம்மாவுக்கு அதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது, எனக்கு ஏன் அந்த வேலை கிடைக்கவில்லை என்பது வரைக்கும். முந்தானையில் ஒட்டியிருந்த கீரையைத் தட்டிவிட்டு எழுந்தாள். "நான் எங்கடி அழுதேன்? அழுதுக்கினு நின்னா வேல கெடைக்குமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வாசலுக்குப் போனாள். அந்தப் பெண் தன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டாளா என்று இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து, என் வலது காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப அழுடி" என்றாள்.

அக்கம்பக்கம் கேட்கட்டும் என்று சத்தமாகவே அழுதேன்.